பிலோமினா மேடம் சுடாத தோட்டா

டீ சுடுது. சுடட்டும், நாக்கு வெந்தாலும் வேகட்டும், இன்னிக்கு நான் எதுக்கும் குறை சொல்றதா இல்ல. இந்தத் தகரக் கொட்டகைக்குள்ள நாலு பேரும் உக்காந்திருக்கறோம், நாலு பேருக்கும் கை முழுசா இருக்குது, ஒரு மனுசனுக்கு வேறென்ன வேணும். ஹபீப் பாய் தேங்கா பன்னைப் பிச்சு டீயில நனைச்சுத் திங்கறார். அந்தக் கையையே பாத்துட்டு இருக்கறேன், பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி. மரக்கடைக்காரர் கை, கட்டைவிரல் நகம் எந்தக் காலத்துலயோ ரம்பத்துல அடிபட்டுக் கறுத்தது கறுத்ததுதான், ஆனா அசையுது, பன்னைப் பிடிக்குது, விடுது. "என்ன கவுண்டரே, உங்களுக்கு ஒண்ணு வேணுமா"ங்கறார். வேண்டாமுங்க பாய், நீங்க திங்கறதப் பாத்தாலே வவுறு நெறஞ்சுருதுன்னு சொல்றேன். அவர் சிரிக்கறார், நான் நெசத்தைத்தான் சொல்றேன்னு அவருக்குத் தெரியாது. பாறைக்குழிப் பக்கமிருந்து காத்து வருது, வெடிமருந்து வாசம் இன்னும் போகல. முன்னெல்லாம் இந்தக் குழியில கல்லு உடைச்சாங்க, இப்ப எங்க ரைபிள் கிளப்புக்குக் குத்தகைக்கு வந்திருக்குது, சுட்ட குண்டு பாறையைத் தாண்டி எங்கயும் போகாது. பிலோமினா மேடம் குறிபாத்த அட்டையை மடியில வெச்சு ஓட்டையை விரல்விட்டுப் பாக்கறாங்க. காலேஜ்ல என்சிசி ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, தொட்டுப் பாத்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை. தேவராஜுலு மட்டும் டீயைத் தொடல. மடியில துண்டு விரிச்சு ரிவால்வரை வெச்சுத் தொடைச்சுட்டே இருக்கறார், தொடைக்க ஒண்ணும் இல்லாட்டியும் தொடைக்கறார். அவருடைய டீயில ஆடை கட்டிருச்சு.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நூத்தி நாப்பது வருசத்துக்கு முந்தி பர்மிங்காம்ல செஞ்ச சாமான் அது, ஒரு ஜமீன் வீட்டுலருந்து லைசென்ஸ் மாத்தி வாங்கறதுக்குள்ள ராஜுலுவுக்குப் பாதி முடி நரைச்சுப் போச்சு. இந்தச் சாதி ரிவால்வர் நம்ம பக்கத்துல இன்னொண்ணு இருந்தா அதிசயம்னு சொல்லுவார். பழைய சாமான் சேத்து வெக்கறவங்கன்னா கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சுட்டு வர்றவனுக்கெல்லாம் பெருமை பீத்திக்கறவங்கன்னு ஊர்ல நினைப்பு. எங்க நாலு பேர் வழக்கம் வேற. வருசத்துக்கு ஒருக்கா, யார்கிட்ட அபூர்வமா என்ன இருக்குதோ அதைக் கொண்டாரணும், ஆளுக்கு ஒரு வெடி போடணும். துப்பாக்கிக்காரர்தான் மொதல்ல. பழைய இரும்பு, எந்த நேரம் என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும், வெடிச்சா வெச்சிருக்கறவர் கையிலதான் வெடிக்கணும், அதுதான் மரியாதை. அப்புறம் வயசுப்படி. தோட்டா கட்டினவன் கடைசி, மத்தவங்க எடுத்தது போக மிஞ்சினதுதான் அவனுக்கு, சமைச்சவ கடைசியாச் சாப்படற மாதிரி. எத்தனையோ வருசமாத் தோட்டா கட்டறவன் நான்தான். மோட்டாருக்குக் காயில் சுத்தி வாழ்ந்த கை, ஒரு சுத்துக் கூடாது, குறையாது. நாச்சிமுத்து கட்டினா கண்ணை மூடிட்டுப் போடலாம்னு ராஜுலு எல்லார்கிட்டயும் சொல்லுவார், எனக்கு அப்பிடியே குளுந்து போயிரும். குளுந்து குளுந்துதான் கெட்டுப் போனேன். திங்கக்கிழமை அந்த ரிவால்வர் மியூசியத்துக்குப் போகுது. ராஜுலு பையன் கனடாவுல, அவனுக்கு இதெல்லாம் வேண்டாமாம். மியூசியத்துல உள்ளிருக்கற ஊசியைக் கழட்டிட்டுத்தான் வெப்பாங்க, இனி ஒரு நாளும் அது வெடிக்காது. அதனாலதான் இன்னிக்கு ராஜுலு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில வந்திருக்கறார்.

கட்டினது வியாழக்கிழமை மத்தியானம், கிளப் ரூம்ல. அந்தப் பழைய அளவுக்குப் பித்தளைக் கூடு இப்ப எங்கயும் கெடைக்காது, ராஜுலுகிட்ட விரிசல் இல்லாம மிஞ்சினது நாலே நாலு. அதுவும் நல்லதுதான், ஆளுக்கு ஒண்ணு. வரிசையா மரக்கட்டையில நிக்க வெச்சேன், அடியில அடி பட்டதும் பத்திக்கற கேப்பு வெச்சேன், மருந்து போட ஆரம்பிச்சேன், போன் அடிச்சுது. என் தம்பி. குலதெய்வம் கோயில் அழைப்பிதழ் அச்சாகி வந்திருச்சு அண்ணாங்கறான். சரி, வரட்டும். உன் பேரு மச்சான் பேருக்குக் கீழ வந்திருச்சு, கோவிச்சுக்காதேங்கறான். நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன். கோவிச்சுக்கல, கத்தினேன். அவன் எந்தூர்க்காரன், நான் எந்தூர்க்காரன், கொடுமுடிக்காரன் பேரை மேல போட்டு என் பேரைக் கீழ போட எவன் சொன்னான்னு கத்தி, வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடி கத்தி, கடைசியில போனை மேசையில வீசிட்டு வந்து உக்காந்தேன். மருந்துக் கரண்டியை எடுத்தேன், போட்டேன், ஈயக்குண்டை வெச்சு அழுத்தினேன், நாலும் முடிஞ்சுது, டப்பாவுல வெச்சு வந்துட்டேன். எப்பவும் குண்டு வெக்கறதுக்கு முந்தி டார்ச் அடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. எல்லாம் அந்தக் கொடுமுடிக்காரனால வந்தது. இல்ல, என்னாலதான் வந்தது, ஆனா அவன் பேரும் கொஞ்சம் இருக்கட்டும்.

அது எப்ப ஞாபகம் வந்துச்சுங்கறதுதான் கெரகம். வியாழக்கிழமை வரல, வெள்ளிக்கிழமை வரல, காத்தால குளிக்கறப்ப வரல. வீட்டுப் பூட்டை இழுத்துப் பாத்துட்டு, கேட்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பாக்கறவன் நான். என் ஊட்டுக்காரி ருக்மணி, இது திண்டுக்கல் பூட்டுங்க, நீங்க இழுத்து இழுத்துத்தான் பிஞ்சு வரப் போகுதும்பா. அப்பிடிப்பட்டவனுக்கு, ராஜுலு கை நீட்டி, குறி பாத்து, விரலை விசையில வெச்சப்பத்தான் வருது: போன் வர்றதுக்கு முந்தி எத்தனை கூட்டுல மருந்து போட்டிருந்தேன். ரெண்டா, மூணா. வந்து உக்காந்ததும் கரண்டியைத் தூக்கினது கைக்கு ஞாபகம் இருக்குது. எதுல போட்டேன். ஏற்கெனவே போட்டதுலயே மறுபடி போட்டிருந்தா? அந்தக் காலத்துக் கறுப்பு மருந்தா இருந்தாக் கூடு நெறைய வரும், ரெண்டாங் கரண்டி போட்டா வழிஞ்சு காட்டிக் குடுத்துரும். இப்பத்து மருந்து துளியூண்டு, அந்தப் பெரிய கூட்டுல அடியில கெடக்கும், ரெண்டு பங்கு போட்டாலும் வெளிய தெரியாது. தெரியறது வெடிக்கறப்பத்தான், சுடறவன் கை இருந்த எடத்துல. வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள ராஜுலு போட்டுட்டார், டமார்னு சத்தம், புகை, ராஜுலு நின்னுட்டு இருக்கறார், சிரிக்கறார். அப்பாடா. அப்புறம் பாய் போறார். மிச்சம் மூணு. இப்பச் சொல்லு நாச்சிமுத்து, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை, பாயோட வலது கை, அதை நம்பி ஒரு கடை, மூணு பொம்பளைப் புள்ளைங்க, சொல்லு. நான் சொல்லல. தூணுக்குப் பின்னால நகந்து நின்னுக்கிட்டேன். இல்லாதது ஒண்ணை ரோசனை பண்ணி எல்லார் சந்தோசத்தையும் கெடுக்கறதான்னு மனசு சொல்லுச்சு, எப்பவும் பூட்டியிருந்த பூட்டைத்தானே இழுத்துப் பாக்கறேன்னு சொல்லுச்சு, மனசுக்கு என்ன, எதையாச்சும் சொல்லும். பாய் பிஸ்மின்னு சொல்லிட்டுப் போட்டார். மறுபடி டமார். மறுபடி கை இருக்குது.

அடுத்தது பிலோமினா மேடம். டப்பாவுல கையை வெக்கப் போனவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "எனக்கு மணிக்கட்டு வலி, நாச்சிமுத்து சார், நீங்க போடுங்க"ன்னு பின்னால வந்துட்டாங்க. நான் ஓடின ஓட்டத்தைப் பாக்கோணும். ரெண்டுல ஒண்ணை எடுத்தேன், எதுன்னு பாக்கல, போச்சுன்னா என் கை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல, அந்த நினைப்பே எனக்கு எத்தனை நிம்மதியா இருந்துச்சுங்கறீங்க. கண்ணை மூடிட்டுத்தான் போட்டேன். வெடிச்சுது. அட்டையில பட்டுச்சாம், மேடம் சொன்னாங்க, நான் அட்டையை எங்க பாத்தேன், என் அஞ்சு விரலைத்தான் பாத்தேன். ஆக மூணு வெடி, மூணு பேர், ஒரு சேதமில்ல. மிஞ்சின ஒண்ணை யாரும் பாக்காமச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஊட்டுக்குப் போற வழியில நொய்யல் ஆத்துல வீசிட்டா முடிஞ்சுது, நொய்யல்ல இல்லாத விஷமா. இப்ப அது நெஞ்சுக்கு மேல கெடக்குது, பால்புட்டி மாதிரி கதகதன்னு. ஒரு தடவை மோள்றதுக்குப் போற மாதிரி கொட்டகைக்குப் பின்னால போய்க் காதுகிட்ட வெச்சு ஆட்டிக்கூடப் பாத்தேன். சத்தமே இல்ல. மருந்து கொஞ்சமா இருந்தா உள்ள சலசலக்கும். நெறைய அடைச்சாத்தான் சத்தம் வராது. இதுதான், சந்தேகமே இல்ல, இதுதான் ரெட்டைப் பங்கு. அது யார் கைக்கும் போகாம என் பைக்கு வந்திருச்சே, எங்க குலதெய்வம் அங்காளம்மனுக்குக் கெடா வெட்டலாம், அழைப்பிதழ்ல என் பேரைக் கட்டக் கடைசியில போட்டாலும் பரவால்ல. டீ ஆறி நல்ல சூட்டுக்கு வந்திருச்சு. ஏலக்காய் போட்டுக் குடுத்து விட்டிருக்கறாங்க பாய் ஊட்டம்மா.

"நாச்சிமுத்து, மிச்சம் ஒண்ணு இருக்கோணுமே"ங்கறார் ராஜுலு. தலையைத் தூக்காமச் சொல்றார். "மேடத்துக்கு வேண்டாம்னா நானே போட்டு முடிச்சுக்கறேன். கடைசி வெடி." பாய் வாயில பன்னோட, "அதான் நாயம், உங்க கையில ஆரம்பிச்சது உங்க கையிலயே முடியட்டும்"ங்கறார். ராஜுலு கையை நீட்டறார். வெளுத்த உள்ளங்கை. தொலைஞ்சு போச்சுங்கலாம். எங்க தொலையும், நாலு எட்டு எடத்துக்குள்ள. பித்தளையில விரிசல் இருக்குதுங்கலாம், குடுங்க பாப்பம்னு வாங்கிப் பாப்பார், அவர் கண்ணு என்னோடதைவிட நல்ல கண்ணு. வயித்து வலின்னு விழுந்துரலாமா. நானே போடறேன்னு கேக்கலாம், திங்கக்கிழமை குடுத்துரப் போற மனுசன்கிட்ட அவர் கடைசி வெடியைப் பிடுங்கறதா, ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. சொன்னா என்ன ஆகும். ராஜுலு ஒண்ணும் சொல்ல மாட்டார், அடுத்த வருசம் தோட்டாவை வேற ஆள் கட்டுவான், அவ்வளவுதான். அதைத் தாங்கிக்குவேன். தாங்க முடியாதது பாய். உங்களுக்கு எப்பத் தெரியும்னு பாய் கேப்பார். அதுக்கு நான் பதில் சொல்லோணும். இருபது வருசமா ரம்ஜானுக்கு அந்த ஊட்டுல முதல் பிரியாணி டப்பா எனக்குத்தான் வருது. நான் தூணுக்குப் பின்னால போய் நின்னதை அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லோணும். சொல்லாம விட்டா? சொல்லாம விட்டா அந்த வெளுத்த கை. பை, கை, பாய், கை, நான் இதுலயே சுத்திட்டு இருக்கறேன், ராஜுலு கையை நீட்டினது நீட்டினபடியே இருக்கறார். "என்ன ரோசனை"ங்கறார்.

"ராஜுலு, இதைப் போட வேண்டாமுங்க." வந்திருச்சு. என் குரலா அதுன்னு எனக்கே தெரியல. "வியாழக்கிழமை நடுவுல போன் வந்துச்சு. இதுல ரெண்டு பங்கு மருந்து இருக்குதுன்னு நினைக்கறேன். நான் பாக்கலைங்க. டார்ச் அடிச்சுப் பாக்காமயே மூடிட்டேன்." பாறைக்குழிக்குள்ள ஒரு மயிலு கத்துது, அதுக்கென்ன. சொன்னதும் இடி விழும்னு நினைச்சிருந்தேன், விழுகல, அதுக்குப் பதிலா மேலு முழுக்க லேசாப் போயிருச்சு, காய்ச்சல் விட்ட மாதிரி வேர்க்குது. நான் பையிலருந்து எடுத்துக் குடுத்த தோட்டாவை ராஜுலு வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தார். எந்திரிச்சு ரூமுக்குள்ள போய்க் குண்டு கழட்டற சுத்தியை எடுத்துட்டு வந்தார், சுத்தி மாதிரியே இருக்கும், தலைக்குள்ள தோட்டாவைப் பொருத்தித் தரையில தட்டினா ஈயக்குண்டு கழண்டு விழுகும். மேடம் குறியட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கமா விரிச்சாங்க. தட்டினார். கழலல. மறுபடி தட்டினார். எனக்கு ஒவ்வொரு தட்டும் பல்லுல விழுகுது. மூணாவதுல குண்டு கழண்டு உருண்டுச்சு. ராஜுலு கூட்டைக் கவுத்தார். அட்டையில ஒண்ணும் விழுகல. இன்னொருக்கா கவுத்து அடியில தட்டினார். ஒண்ணுமில்ல. மேடம் எட்டிப் பாத்துட்டு, "சார், இதுல மருந்தே இல்ல"ன்னாங்க.

மருந்தே இல்ல. நான் நல்லா நாலு தடவை கேட்டேன், மருந்தே இல்லைங்களா, மருந்தே இல்லைங்களா. ஏற்கெனவே போட்டாச்சுன்னு நினைச்சு இதைத் தாண்டிப் போயிருக்கறேன், அவ்வளவுதான், ஆட்டினப்பச் சத்தம் வராம என்ன செய்யும். சிரிப்பு வருது எனக்கு. வேற யாருக்கும் வரல. அப்புறந்தான் எனக்கும் உறைக்குது. மருந்து இல்லாட்டிக் கேப்பு மட்டும் வெடிக்கும், லேசா ஒரு டப், குண்டு வெளிய போகத் தெம்பில்லாமக் குழாய்க்குள்ள பாதி வழியில மாட்டிக்கும். காதுமூடி போட்டுட்டுச் சுடறவங்களுக்கு அது தெரியாமப் போனாலும் போகும், பழைய துப்பாக்கி, கேப்பு செத்துப் போச்சுன்னு நினைச்சு அடுத்தவன்கிட்டக் குடுத்தாலும் குடுப்பாங்க. அடுத்தவன் அதுக்குப் பின்னால இன்னொண்ணைப் போட்டா, அடைச்ச குழாய், அப்பத்தான் நெசமாவே வெடிக்கும். மேடம் இதை எடுத்துப் போட்டிருந்தா அவங்களுக்கு அடுத்தவன் யாரு. "மேடம், உங்களுக்கு நெசமா மணிக்கட்டு வலிங்களா"ன்னு கேட்டேன். "இல்ல சார். எப்பவும் முன்னாடி வந்து நின்னு ஒவ்வொருத்தருக்கும் யோசனை சொல்லி உயிரை வாங்குவீங்க. இன்னிக்குத் தூணுக்குப் பின்னால நின்னீங்க. முப்பது வருசம் பசங்களை ஃபயரிங்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், நிக்கற எடத்தைப் பாத்தாத் தெரியாதா"ன்னாங்க. தெரிஞ்சும் கேக்கலியேன்னு அவங்களும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஆக என் கை என்கிட்ட இருக்கறது என் கோழைத்தனத்தை ஒருத்தங்க பாத்ததால. அதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது.

பாய் பன்னைக் காகிதத்துல சுத்தி வெச்சார். "கவுண்டரே, நான் போடறப்ப உங்களுக்குத் தெரியுமா"ன்னார். சத்தமாக் கேக்கல, வெலை கேக்கற மாதிரிதான் கேட்டார். "தெரியும்னு இல்லைங்க பாய். சந்தேகம்." "எப்ப வந்துச்சு?" "ராஜுலு விசையில விரலை வெச்சப்ப." "அப்ப எனக்கு முந்தி." "உங்களுக்கு முந்திதாங்க." இதைச் சொல்றதுக்குப் பதிலா ரெண்டு பங்கு மருந்தையும் என் வாயில போட்டிருக்கலாம். பாய் எந்திரிச்சுக் குழாயடிக்குப் போனார். வாய் கொப்புளிச்சார், மொகம் கழுவினார், கழுவிட்டே இருந்தார். எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறார், சட்டையில பட்டை பட்டையா வேர்வை. போயிருவார், வண்டியை எடுத்துட்டுப் போயிருவார், இனி என் ஊட்டுப் பக்கம் வர மாட்டார், ருக்மணி கேப்பா, பாய்க்கும் உங்களுக்கும் என்னான்னு. போகட்டும், கையோட போறார், அது போதும். எனக்கு நெசமாவே அது போதும்னு பட்டுச்சு, வேணும்னு நினைச்சுக்கலை, தானாப் பட்டுச்சு. திரும்பி வந்தார். துண்டுல மொகத்தைத் தொடைச்சுட்டு, "மருந்து டப்பா உள்ள இருக்குதா ராஜுலு"ன்னார். இருக்குதுன்னார் ராஜுலு. "எடுத்துட்டு வரச் சொல்லுங்க இவரை. இங்க, நம்ம முன்னால கட்டட்டும்."

கட்டினேன். கரண்டி ஒரு தடவை, ஒரே தடவை, தட்டி மட்டம் பண்ணிப் போட்டேன். மேடம் போன் வெளிச்சத்தைக் கூட்டுக்குள்ள அடிச்சாங்க, ராஜுலு பாத்தார், பாய் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தார். "இருக்குது"ன்னார். குண்டை வெச்சு அழுத்தி ராஜுலுகிட்ட நீட்டினேன். நடுவுல பாய் கையை வெச்சார். "இதை நான் போடறேன் ராஜுலு. கேக்கக் கூடாதுதான். கேக்கறேன்." ராஜுலு ரிவால்வரைப் பாத்தார், பாயைப் பாத்தார், என்னைப் பாத்தார். திங்கக்கிழமை அவர் ஊட்டுல அந்தப் பொட்டி காலியாக் கெடக்கப் போகுது, இந்த ஒரு வெடிதான் மிச்சம், எனக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும். பிடியை முன்னால திருப்பிக் குடுத்தார். நாங்க எல்லாரும் எந்திரிச்சோம். பழக்க தோசத்துல என் காலு தூண் பக்கம் போகுது. "அங்க எங்க போறீங்க, எம் பக்கத்துல வந்து நில்லுங்க"ங்கறார் பாய். போய் நின்னேன், தோளோட தோளா. காதுமூடியை மாட்டப் போனவர் நிறுத்திட்டு, "இப்பச் சந்தேகம் இருக்குதுங்களா"ன்னு கேக்கறார். நான் ரோசனை பண்ணினேன், நெசமாவே ரோசனை பண்ணிப் பாத்தேன், எங்க தேடினாலும் இல்ல. இல்லைங்க பாய்னேன். பிஸ்மின்னு சொல்லிக் கையை நீட்டினார், நான் கண்ணை மூடல.